யாருடைய பகடி?

அக்கா மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் கட்டுரைப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். 'என்னால் மறக்க முடியாத நிகழ்வு' என்பது தலைப்பு. மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வரி: ஓய்வு நேரத்தில் ஆறாம் ஆண்டு அக்கா இரண்டு பேர் என்னைப் புலி செய்தார்கள். ஆசிரியர் 'புலி'யைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மேலே 'பகடிவதை' என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலாய் 'பூலி'யைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அது காட்டு மிருகமாகிவிடுகிறது. அவள் சிரிக்கவில்லை.

"பகடின்னா என்ன மாமா?"

"ஜோக் மாதிரிமா. கேலி, கிண்டல்."

"ஆனா அவங்க ஜோக் பண்ணலயே. என் காச புடுங்கிட்டு டாய்லெட்ல வெச்சுப் பூட்டுனாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை இந்த நாட்டில் அதிகமாக எழுதியவர்களில் நானும் ஒருவன். மலாய் அறிக்கைகளைத் தமிழாக்கம் செய்வதுதான் என் பிழைப்பு. எனக்கு வேலை தரும் இடத்தில் ஒரு கலைச்சொல் பட்டியல் உண்டு. 'பூலி' என்று வந்தால் 'பகடிவதை'. 'பூலி சைபர்' என்று வந்தால் 'இணையப் பகடிவதை'. பல வருடங்களாக யோசிக்காமல் தட்டச்சு செய்து வந்திருக்கிறேன். ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எங்களிடமிருந்துதான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்.

இந்தச் சொல் வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏதோ ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைக் காலி செய்யப் பார்க்கிறான் என்று தனித்தமிழ் அன்பர்கள் கொதிக்க வேண்டியதில்லை. 'வதை' வடமொழி வழி வந்தது. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் சொல்லை அது வாழ்ந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். இலங்கைத் தமிழில் 'பகிடி' அன்றாடச் சொல். "பகிடி விடாத" என்றால் விளையாடாதே என்று பொருள். பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களைப் படுத்தும் பாட்டுக்கு, ஆங்கிலத்தில் ராகிங் என்பதற்கு, அங்கே 'பகிடிவதை' என்று பெயர். அந்தப் பெயருக்குள் என்னென்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதையிலிருந்து தப்பிக்க மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997இல் அதே பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர், பொறியியல் படிக்க வந்தவர், கடுமையான உடற்பயிற்சிகள் செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே, 1998இல், இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் தரும் வரையறையில் உடல் காயம் இருக்கிறது, மனக் காயம் இருக்கிறது, வேதனையும் அச்சமும் இருக்கின்றன. நகைச்சுவை எங்கும் இல்லை.

அதே குற்றத்துக்குச் சிங்களத்தில் 'நவக வதய' என்று பெயர். நவக என்றால் புதியவர். புதியவர்மீது செய்யப்படும் வதை. யார்மீது நடக்கிறது என்பதைச் சிங்களச் சொல் பிடித்து வைத்துக்கொண்டது. நம் சொல்லோ செய்கிறவனின் மனநிலையைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவன் அப்போது ஜாலியாக இருந்தான், அதனால் அது பகிடி. ஒரே பல்கலைக்கழகம், ஒரே விடுதி, இரண்டு மொழிகள் இரண்டு பக்கம் நின்று பார்த்திருக்கின்றன.

மலேசியத் தமிழில் 'பகிடி' 'பகடி'யாக இருக்கிறது, பொருளும் விரிந்துவிட்டது. இங்கே இது புதிய மாணவர் ராகிங்குக்கு மட்டுமான சொல்லாக இல்லை. தொடக்கப்பள்ளியில் காசு பிடுங்குவது, அலுவலகத்தில் மேலாளர் ஒருவரை மட்டும் குறிவைத்து நசுக்குவது, டிக்டோக்கில் கூட்டம் சேர்ந்து ஒரு பெண்ணைக் கிழிப்பது, எல்லாமே பகடிவதை. இடைநிலைப்பள்ளியில் பல்லை உடைத்தாலும் பகடிவதைதான்.

சொல்லின் இலக்கணத்தைக் கொஞ்சம் பிரிக்கலாம். தமிழில் தொகைச் சொல்லை விரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பகடியால் வதை என்று விரித்தால், கேலி செய்தே ஒருவரைத் துன்புறுத்துவது. பகடிக்காக வதை என்றால், சிரிப்பதற்காகத் துன்புறுத்துவது. பகடியும் வதையும் என்றால் இரண்டும் சேர்ந்தது. மூன்று விரிவுகளுக்கும் மூன்று விதமான குற்றவாளிகள் கிடைப்பார்கள். மூவரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது, சிரிப்பு. சிரிக்காமல், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், வாராவாரம் ஒரு பையனிடம் ஐந்து ரிங்கிட் வசூலிப்பவன் இந்தச் சொல்லுக்குள் எப்படி வருவான்?

2017இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மாணவர் ஒருவரை, மடிக்கணினியைத் திருடினார் என்று சொல்லி, சக மாணவர்கள் இஸ்திரிப்பெட்டியால் சுட்டார்கள். உடலெங்கும் தீக்காயங்களோடு ஜூன் 1ஆம் தேதி அவர் இறந்தார். அதே மாதம் பினாங்கில் பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். பள்ளிக் காலத்திலிருந்தே கேலி செய்யப்பட்டவர் அவர் என்று அப்போது செய்திகள் வந்தன. இந்த இரண்டு மரணங்களையும் 'பகடி' என்று தொடங்கும் ஒரு சொல்லின் கீழ் எழுதக் கை கூசாதா? எனக்குக் கூசியதில்லை. பட்டியலில் இருந்தது, எழுதினேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நண்பர் ஒருவர், நல்ல வாசகர், புலனத்தில் நீளமாகச் சண்டை போட்டார். அவர் சொன்னதைச் சுருக்குகிறேன். தமிழ்த் தொகையில் பின்னால் வரும் சொல்தான் தலை. எனவே பகடிவதை என்பது ஒருவகை வதை, ஒருவகைப் பகடி இல்லை. 'வதை' சாதாரணச் சொல்லும் இல்லை. கம்பராமாயணத்தில் தாடகை வதைப் படலம், வாலி வதைப் படலம், கும்பகருணன் வதைப் படலம் என்று வரும் இடமெல்லாம் வதை என்றால் கொலை. அவ்வளவு கனமான சொல்லைப் பின்னால் கட்டியிருக்கும்போது குற்றம் எப்படி லேசாகும்?

இலக்கணமாக அவர் சொல்வது சரி. ஆனால் சொல் புழங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 'வதை' கம்பனிடமிருந்து நம்மிடம் வருவதற்குள் நிறைய இளைத்துவிட்டது. "சும்மா வதைக்காதடா" என்று கடன் கேட்கும் நண்பனிடம் சொல்கிறோம். வெயில் வதைக்கிறது, கொசு வதைக்கிறது. கொலையிலிருந்து தொல்லைக்கு இறங்கிவிட்ட சொல்லோடு பகடியைக் கட்டினால் கிடைப்பது 'கேலித் தொல்லை'. தலைமையாசிரியர் காதில் அப்படித்தான் விழுகிறது.

நண்பரின் இரண்டாவது அம்பு கூர்மையானது. ஆங்கிலத்தின் 'புல்லி'யும் ஒருகாலத்தில் கொஞ்சும் சொல்தானே என்றார். உண்மைதான். 16ஆம் நூற்றாண்டில் அதற்குக் காதலன், அன்பன் என்று பொருள். டச்சு மொழியில் காதலனைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் கோடைநள்ளிரவுக் கனவு நாடகத்தில் பாட்டம் என்ற பாத்திரத்தை அவன் கூட்டாளிகள் அந்தச் சொல்லால் பாசமாகத்தான் விளிக்கிறார்கள். எளியவரை மிரட்டுபவன் என்ற பொருள் பிறகுதான் ஒட்டியது. அப்படியிருக்க தமிழில் மட்டும் என்ன சொல்லின் பூர்வீகத்தை நோண்டிக்கொண்டிருக்கிறாய் என்பது கேள்வி.

வித்தியாசம் இருக்கிறது. இன்று அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்கிற எந்தக் குழந்தைக்கும் அதில் காதலன் கேட்காது. அந்தப் பொருள் செத்துப் புதைந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பகடி சாகவில்லை. நேற்று வந்த விமர்சனக் கட்டுரையில்கூட 'பகடி' இருக்கும். அகராதி திறக்காமலேயே பத்து வயதுப் பிள்ளை அதைத் தனியே உருவி எடுத்து, "ஆனா அவங்க ஜோக் பண்ணலயே" என்று கேட்கிறாள்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வழக்கும் உண்டு. நமக்குப் பகடி மதிப்புள்ள சொல். புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு இழுத்து வந்து கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிவிட்டாரே, அது பகடி. கடவுள், அரசன், முதலாளி, பண்டிதன் என்று மேலே உட்கார்ந்திருப்பவனின் வேட்டியை உருவுவதற்குக் கீழே இருப்பவனிடம் உள்ள ஒரே ஆயுதம் அது. இந்த நாட்டில் நாம் அதை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது தனிக்கதை. ஒரு மேடையில் அமைச்சரைப் பகடி செய்துவிட்டு ஒழுங்காக வீடு போய்ச் சேர முடியுமா? அங்கே நமக்குப் பகடி வராது. ஒடிசலான பையனைக் கழிப்பறைக்குள் தள்ளிப் பூட்டும் ஆறாம் ஆண்டுக்காரிக்கு மட்டும் அந்தப் பெயரைத் தாராளமாக எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதைவிடத் தெளிவாக இருந்தது. நகை பிறக்கும் இடங்களில் முதலாவதாக அது வைப்பது எள்ளல். அழுகை பிறக்கும் இடங்களில் முதலாவது இளிவு, பிறரால் இகழப்படுதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிகழ்ச்சிதான். எள்ளுகிறவன் பக்கம் நின்றால் நகை, எள்ளப்படுகிறவன் பக்கம் நின்றால் அழுகை. ஒரு சொல்லை உண்டாக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். பகடிவதையை உண்டாக்கியவர் யாராக இருந்தாலும் நகையின் பக்கம் நின்றுவிட்டார்.

நானும் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். படிவம் ஒன்றில் விடுதியில் சேர்ந்தேன். என் அறையில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பையன். கறுப்பு, குட்டை, திக்குவாய். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான்காம் படிவ அண்ணன்கள் வருவார்கள். அவனை நாற்காலியில் ஏற்றி, நாளிதழைக் கையில் கொடுத்து, செய்தி வாசிக்கச் சொல்வார்கள். திக்கும் ஒவ்வொரு முறையும் தலையில் ஒரு தட்டு. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களுக்குக் கவுண்டமணியும் செந்திலும் நேரில் வந்ததுபோல் இருந்தது. அடி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு ஒளிநாடா காலத்திலிருந்தே பயிற்சி. நிறத்தைச் சொல்லி, உருவத்தைச் சொல்லி, எட்டி உதைத்தால் சிரிக்க வேண்டும் என்று எங்கள் கூடத்திலேயே கற்றோம். பிறகு வடிவேலு வந்தார், அடி வாங்குவதையே கலையாக்கினார். அவர்மீது எனக்கு இன்னும் தீராத பிரியம் உண்டு, அது வேறு. ஆனால் 'இம்சை' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கெல்லாம் உடனே இருபத்து மூன்றாம் புலிகேசிதான் ஞாபகத்துக்கு வருகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். 2006க்குப் பிறகு அந்தச் சொல்லையும் சீரியஸாகச் சொல்ல முடியாமல் போனது.

அந்தப் பையன் ஒருநாள் துணிந்து போய்ச் சொன்னான். எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் கட்டொழுங்கு ஆசிரியர் கேட்டார். அண்ணன்கள் சொன்ன பதில் ஒரே வாக்கியம்: "சும்மா விளையாட்டுக்குதான் சார்." மலாயில் திரும்பக் கேட்டபோது "குராவ் சஹாஜா சிக்கு". அதுவும் அதேதான், சும்மா தமாஷ். ஆசிரியர் என்னைப் பார்த்தார், அறைத்தோழன் என்பதால். நான், "ஆமா சார், சும்மா பகடிதான்" என்றேன். பகடி என்ற சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாக உரக்கச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சட்டென்று எங்கிருந்து வந்ததோ. அவன் ஜூன் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

ஆகவே 'பகடி' குற்றவாளியின் வாக்குமூலத்தில் இருக்கும் சொல் என்று நான் சொல்வது ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது கிடையாது. அதைக் கொடுத்தவனே நான்தான். எல்லா விசாரணை அறையிலும் முதலில் சொல்லப்படும் தற்காப்பு அதுதான்: விளையாட்டு, தமாஷ், குராவ். அந்தத் தற்காப்பையே குற்றத்தின் பெயராகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பிறகு விசாரிக்க என்ன மிச்சம்?

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சொல் இருந்தது, 'ஈவ் டீசிங்'. தெருவில் போகும் பெண்ணைத் தொடுவதும் துரத்துவதும் 'டீசிங்', சீண்டல். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அந்தச் சீண்டலில் உயிரிழந்த பிறகு வந்த சட்டத்தின் பெயரிலும் அதே சொல்தான் இருந்தது. 2002இல் திருத்தம் கொண்டுவந்து, பெண்ணைத் துன்புறுத்துதல் என்ற பொருள் தரும்படி மாற்றினார்கள். சட்டமே தன் பெயரில் இருந்த சிரிப்பைத் துடைத்துக்கொண்டது. நாம் அதற்குப் பிறகும் சிரிப்பைப் பெயரில் வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் இணையத்தில் தொடர்ந்து அவமானப்படுத்தப்பட்ட தமிழ்ப் பெண் ஒருவர் இறந்தார். அந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தப் பிரிவில் அதற்குமேல் விதிக்க இடமில்லை. நாடே கொதித்தது, நாமும் கொதித்தோம். அப்போது தமிழில் நாம் எழுதியது 'இணையப் பகடிவதை'. இணையக் கேலிக்கு நூறு ரிங்கிட் என்றால் கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பிறகு தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்தன. மிரட்டல், வசவு, அவமதிப்பு, அதனால் ஏற்படும் அச்சமும் மன உளைச்சலும் என்று அவை பேசுகின்றன. மலாயில் அந்தச் சட்டத்துக்குக் 'கானுன் கெசெக்சாஆன்' என்று பெயர். அதில் உள்ள 'செக்சா' என்ற சொல் நம் 'சிட்சை'யின் உறவினர், இரண்டும் வடமொழி 'சிக்ஷா'வின் பிள்ளைகள். கல்வி என்று தொடங்கிய சொல் மலாயில் சித்திரவதை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரோத்தானோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயணம் ஆச்சரியமாக இருக்காது.

சரி, வேறு என்ன எழுதுவது? புதுச் சொல் எதையும் நான் கொண்டுவரவில்லை. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கங்காணியைப் பற்றியும் கிராணியைப் பற்றியும் பேசும்போது ஒரே சொல்தான் வரும்: "ரொம்ப கொடும பண்ணுவான்." அவ்வளவுதான்.

கொடுமை. இதன் வேரில் 'கொடு' இருக்கிறது, வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர், வளைந்த அரிவாள் கொடுவாள். நேராக இருக்க வேண்டிய கோல் வளைந்தால் கொடுங்கோல். எனவே கொடுமை என்பது வெறும் வலியைக் குறிக்கும் சொல்லாக இல்லாமல், அதிகாரம் வளைந்துபோனதைக் குறிக்கும் சொல்லாக இருந்திருக்கிறது. அண்ணன், மேலாளர், கங்காணி என்று கையில் ஏதோ ஒரு கோல் வைத்திருப்பவன் செய்வது. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். கொலையைத் தொழிலாகக் கொண்டவனைவிட, தன்கீழ் இருப்பவரை அலைப்பதைத் தொழிலாகக் கொண்ட வேந்தன் கொடியவன் என்கிறார் வள்ளுவர். 'அலை' என்ற அந்தப் பழைய சொல்லையும் பாருங்கள். மெய்ப்பாட்டியலில் வெகுளி பிறக்கும் நான்கு இடங்களில் அது ஒன்று, கொலைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. கோலால் அடிப்பதும் வைவதும் அதில் அடங்கும் என்று பழைய உரையே சொல்கிறது. நம்மிடம் அது 'அலைக்கழிப்ப'தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் அரசாங்க அலுவலக வாசலில்.

கொடுமை ரொம்பப் பொதுவான சொல்லாயிற்றே என்பார்கள். மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை, சாதிக் கொடுமை, எல்லாவற்றுக்கும் அதுவே என்றால் பூலிக்கு என்று தனியாக ஒன்று வேண்டாமா என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தால் இது அங்கே இருக்க வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. 'பள்ளிக் கொடுமை', 'விடுதிக் கொடுமை', 'இணையக் கொடுமை'. மாமியார் கொடுமையை யாரும் 'மாமியார் பகடிவதை' என்று எழுதத் துணிய மாட்டோம். நட்புக்குள் நடக்கும் நக்கலை அது நக்கல் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதற்கும் கொடுமைக்கும் இடையே கோடு எங்கே என்று நிதானமாகச் சண்டை போடலாம். அந்தக் கோட்டையே அழித்த சொல்லை வைத்துக்கொண்டு சண்டைகூடப் போட முடியாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். பகடிவதைக்கு வினைச்சொல் இல்லை. 'மாணவர் பகடிவதைக்கு ஆளானார்', 'பகடிவதைக்கு உள்ளாக்கப்பட்டார்'. டிங்கிக்கு ஆளானதுபோல், வெள்ளத்தில் சிக்கியதுபோல். செய்தவன் வாக்கியத்தில் வரவே மாட்டான். பேச்சுத் தமிழில் ஒரு பிள்ளை வந்து, "அம்மா, அவன் என்னைப் பகடிவதைத்தான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? வாயில் நுழையாது. செய்தித்தாளுக்கு மட்டும் பிறந்த சொல் அது. "அவன் என்ன கொடும பண்றான்மா" என்று சொல்ல நாலு வயதில் முடியும். யார், யாரை, என்ன செய்கிறார் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் 'புலி பண்றாங்க' என்று மலாய்ச் சொல்லுக்கு ஓடுவதும் இதனால்தான். நாம் கொடுத்த சொல்லால் புகார் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. பிழையான வாக்கியத்தைச் சரியாக மூன்று முறை எழுத வேண்டுமாம். "என்ன எழுதட்டும் மாமா?" என்றாள். ஆசிரியர் எழுதியதையே எழுது, மதிப்பெண் போய்விடும் என்றாள் அக்கா, சமையல்கட்டிலிருந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, இரண்டு அக்காமார் என் காசைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டினார்கள் என்று மூன்று முறை எழுதினாள்.

புதன்கிழமை எனக்கு ஓர் அறிக்கை வந்தது. நான்கு பக்கம், அதில் 'பூலி' பதினொரு இடத்தில். எல்லா இடத்திலும் கொடுமை என்று போட்டு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதினொன்றும் மஞ்சள் பூசித் திரும்பி வந்தது, பட்டியலைப் பார்க்கவும் என்ற குறிப்போடு. பட்டியலைத் திருத்தச் சொல்லி ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அறிக்கையை இன்னும் திருப்பி அனுப்பவில்லை.